கடலுக்குப் போனதற்கு நாங்கள் ஏன் விளக்கம் சொல்ல வேண்டும்?

செமஸ்டர் முடிந்ததும் நண்பர்கள் ஐந்து பேர் கடற்கரைக்குப் போயிருந்தோம், அங்கே எடுத்த படம் ஒன்றைப் போட்டிருந்தேன். நேற்று அந்தப் படத்துக்குக் கீழே வந்த கமென்ட்களை எல்லாரும் பார்த்தீர்கள், திரும்ப விவரிக்கப் போவதில்லை. ஒரே ஒரு வரியைப் பற்றித்தான் பேச வேண்டும். "படிக்கிற வயதில் கடற்கரையில் என்ன ஆட்டம்?" எழுதியவர் எனக்கு வேண்டியவர், வயதில் பெரியவர், அவர் மேல் எனக்கு இருக்கும் மரியாதை குறையவில்லை. ஆனால் அந்த வரிக்கு அத்தனை பேர் லைக் போட்டிருந்தீர்கள், அதில் பாதிப் பேர் எனக்கு நெருக்கமானவர்கள். அதுதான் ராத்திரி முழுக்க உறுத்தியது.

நாங்கள் ஆடவில்லை. ஐந்து பேர் மணலில் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான். ஆடியிருந்தாலும் தப்பில்லை, ஆனால் ஆடத் தெம்பில்லை. செமஸ்டரின் கடைசி மூன்று வாரத்தில் ஐந்து தேர்வு, இரண்டு ரிப்போர்ட், ஒரு பிரசென்டேஷன். எந்த நாளில் எது முடிந்தது என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. போய்ச் சேர்ந்த முதல் ஒரு மணி நேரம் யாரும் பேசவே இல்லை. ஒருவன் சட்டையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டான். மற்றவர்கள் சும்மா தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும்போது கண்ணுக்குள் ஒரு சின்னத் தசை சுருங்கியே இருக்கும், தூரத்தைப் பார்த்தால்தான் அது தளரும். மூன்று வாரமாக ஒரு முழ தூரத்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு, தடுக்க எதுவுமே இல்லாத அந்தத் தொடுவானக் கோடு என்ன செய்தது என்பதை அன்றைக்கு உணர்ந்தேன். உடம்புக்கு அது தேவைப்பட்டது. இதற்கு மேல் எனக்கு வாதம் எதுவும் தேவையில்லை.

"ஓய்வு வேண்டுமென்றால் வீட்டில் தூங்கலாமே" என்று ஒருவர் கேட்டிருந்தார். போன வருடம் அதைத்தான் செய்தேன். தேர்வு முடிந்த அன்றே கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். கையில் போன், போனில் மதிப்பெண் பற்றிய பேச்சு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ரிசல்ட் வந்துவிட்டதா என்று பார்ப்பது. விடுமுறை முடிந்து திரும்பும்போது போனதைவிடக் களைத்துப் போயிருந்தேன், அடுத்த செமஸ்டரை அந்தக் களைப்போடுதான் தொடங்கினேன். படுத்திருப்பதும் ஓய்வும் ஒன்றில்லை. தூக்கம் வேண்டும், சரி. ஆனால் அதே கஷ்டத்தைப் பட்டவர்கள் பக்கத்தில், எதையும் விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமில்லாமல் உட்கார்ந்திருப்பது தூக்கம் தராத ஒன்று.

கடல் ஆபத்தானது என்று சொன்னவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் சொன்னது உண்மை. அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற இடத்தில்தான் பல நேரம் நீர் உள்ளே இழுக்கும். இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த இழுப்பைவிட்டு வெளியே வர வேண்டும். இது தெரியாமல் பதறி, எதிர்த்து நீந்தி, சோர்ந்து போகிறவர்கள்தான் மூழ்குகிறார்கள். எங்களில் இரண்டு பேருக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் யாரும் இறங்குவதில்லை என்று பேசிக்கொண்டுதான் கிளம்பினோம், இறங்கவும் இல்லை. இதை நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

"அப்பா அம்மா காசு" என்று எழுதியவருக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எங்கள் பெற்றோருக்குத் தெரிந்துதான் போனோம்.

"எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லை" என்பதுதான் என்னை அதிகம் வலிக்க வைத்தது. உங்கள் காலத்தில் இல்லாமல் போனதற்கு எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதை நீங்கள் பெருமையாகச் சொல்வதுதான் புரியவில்லை. இளைப்பாறவும் ஓய்வெடுக்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று 1948-ல் வந்த உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 24-வது பிரிவு சொல்கிறது. எல்லோருக்கும் என்றால் மாணவர்களுக்கும்தான். ஆனால் எங்கள் களைப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் பர்ன்அவுட், அதாவது ஓயாத வேலை அழுத்தத்தால் வரும் கடும் சோர்வு, என்பதற்கு விளக்கம் எழுதியபோதுகூட அது பணியிடம் சார்ந்தது மட்டுமே என்று வரையறுத்தது. அலுவலகத்தில் ஒருவர் சோர்ந்தால் அதற்குப் பெயர் இருக்கிறது. நாங்கள் சோர்ந்தால் சோம்பேறிகள்.

சொல்ல வந்தது இன்னும் ஒன்று. எங்கள் வகுப்பில் ஒருத்தி இரண்டாம் வருடத்தில் படிப்பை விட்டுவிட்டுப் போனாள். ஒரு செமஸ்டர் முழுக்க அவள் சரியாகத் தூங்கவே இல்லை என்பது அவள் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தோம். அசைன்மென்ட் முடித்தாயா என்று தினமும் கேட்டிருக்கிறேன், நீ எப்படி இருக்கிறாய் என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை. எனக்கு நேரம் இல்லை, அவளுக்கும் இல்லை. அதற்குப் பிறகுதான் செமஸ்டர் முடிந்ததும் ஒருநாள் எங்காவது சேர்ந்து போய் உட்கார வேண்டும் என்று முடிவு செய்தோம். நீங்கள் பார்த்த படம் அப்படிப் போன ஒருநாளில் எடுத்தது.

அன்று சாயங்காலம், வெளிச்சம் குறைந்த பிறகு, படத்தில் இடது ஓரத்தில் இருப்பவள் பேச ஆரம்பித்தாள். பிரசென்டேஷன் அன்று எல்லார் முன்னாலும் அவளை என்ன சொன்னார்கள் என்பதை அப்போதுதான் முதல் முறையாகச் சொன்னாள். அழுதாள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்தோம். திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டு வந்தாள். அந்தச் சிரிப்பைத்தான் நான் படம் எடுத்தேன், அதைத்தான் நீங்கள் ஆட்டம் என்று சொன்னீர்கள்.

காலையில் அவளிடமிருந்து செய்தி வந்தது. கமென்ட் எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். படத்தை நீக்கிவிட முடியுமா என்று கேட்டாள். நீக்கிவிட்டேன், அவள் கேட்டாள் என்பதற்காக மட்டும். அடுத்த செமஸ்டர் முடிந்ததும் வருவாயா என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.