ரா ஃபைல் எல்லாவற்றையும் காப்பாற்றாது

தம்பி இங்கே போட்ட அந்திப் படத்துக்கு, “ராவில் எடுத்தால் போதும், வெளுத்துப்போன வானத்தை எப்படியும் மீட்டுவிடலாம்” என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். ரா என்பது கேமரா சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு) பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல். பாதிதான் சரி.

ஜேபெக்கில், அதாவது கேமரா சுருக்கித் தரும் வழக்கமான படத்தில், ஒரு நிறத்துக்கு 256 வெளிச்சப் படிகள்தான். 14 பிட் ராவில் 16,384. கேமரா திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம் (வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடம்), வெளுப்பு எச்சரிக்கை இரண்டும் ஜேபெக் முன்னோட்டத்தை வைத்து வருபவை. அதனால் திரையில் ‘வெளுத்துப்போச்சு’ என்று மினுக்கும் இடத்திலும் ராவில் கொஞ்சம் விவரம் மிச்சமிருக்கும். அண்ணன் பார்த்த அதிசயம் இதுதான். சென்சாரே நிரம்பி வழிந்துவிட்டால் அங்கே மீட்க ஒன்றுமே இல்லை.

சிங்கப்பூரின் மரினா பேராஜ் அணையில் தம்பி எடுத்த அந்தப் படத்தையே பெரிதாக்கிப் பாருங்கள். சூரியனைச் சுற்றி ஆரஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் எலுமிச்சை மஞ்சள் வளையம். சிவப்பு முதலில் நிரம்பிவிட்டது, பச்சை மட்டும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. எடிட்டிங்கில் ஹைலைட்ஸை (வெளிச்சமான பகுதிகளை) எவ்வளவு கீழே இழுத்தாலும் அழுக்குச் சாம்பல்தான் வரும்.

அடுத்த முறை வானத்துக்கு எக்ஸ்போஷர் (படத்தில் விழும் வெளிச்ச அளவு) வைத்துவிட்டு, இருண்ட கட்டடங்களைப் பிறகு எடிட்டிங்கில் வெளிச்சம் கூட்டித் தூக்குங்கள். நாய்ஸ் (புள்ளி புள்ளியான இரைச்சல்) வரும், சமாளிக்கலாம். இல்லையென்றால் பிராக்கெட்டிங்: ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் பல படங்களாக எடுத்துச் சேர்ப்பது. மற்றபடி மேகங்கள் அருமை தம்பி, சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) மட்டும் கொஞ்சம் குறைங்க.