காண்ட் சொன்னதில் பாதி விடுபட்டிருக்கிறது

ஜெர்மன் தத்துவஞானி இமானுவேல் காண்ட் பற்றி, "அழகு அவரவர் விருப்பம், அதில் சரி தவறே கிடையாது என்று காண்ட் சொல்லிவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. அழகைப் பற்றிய தீர்ப்பு உணர்விலிருந்து பிறக்கிறது, அதை விதி வைத்து நிரூபிக்க முடியாது என்று 1790இல் வந்த நூலில் அவர் சொல்வது உண்மை. ஆனால் அதே நூலில் இனிமையையும் (புலன்களுக்குப் பிடித்திருப்பது) அழகையும் தெளிவாகப் பிரிக்கிறார். கேனரித் தீவுகளின் ஒயின் பிடிக்கிறது என்றால் 'எனக்கு' என்று சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். ஒரு கட்டடத்தையோ கவிதையையோ 'எனக்கு மட்டும் அழகு' என்று சொல்வதைத்தான் அவர் நகைப்புக்குரியது என்கிறார். அழகு என்று சொல்லும்போதே மற்றவர்களின் இசைவையும் கோருகிறோம். எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள் என்ற கணிப்பு அல்ல அது. கற்பனையும் புரிதலும் தடையின்றி இசைந்தாடுவதில்தான் அழகு தரும் மகிழ்ச்சி பிறக்கிறது. அந்தத் திறன்கள் எல்லோருக்கும் பொது என்பதே அவர் வாதம்.