மேசைக்குக் கீழே போன ரெயில்வே ஹோட்டல்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தமிழ்ப் பள்ளியின் ஊர் வரலாற்றுக் கண்காட்சி மண்டபத்தில் என்ன நடந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும். திரும்பவும் விவரிக்கப் போவதில்லை. பிரதம விருந்தினர் வருவதற்குச் சற்று முன் பழைய பப் ஒன்றைப் பற்றி ஒரு பிள்ளை செய்த காட்சிப் பலகையைக் கழற்றி மேசைக்குக் கீழே தள்ள இத்தனை பெரிய மனிதர்கள் தேவைப்பட்டார்களே, அதுதான் ஆச்சரியம். காரணம் கேட்டால், "பிள்ளைகளின் ஊர் வரலாற்றுக் கண்காட்சியில் குடிக்கடையா?"

சரி, அது என்ன குடிக்கடை?

வடமேற்கு லண்டனில் ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டோன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்ற விக்டோரியா காலத்து பப் அது. ரெயில்வே ஹோட்டல். நிலையம் திறந்தது 1837 ஜூலை 20, விக்டோரியா அரசியாகி ஒரு மாதத்தில். ரயில் வந்த பிறகுதான் ஊர் வளர்ந்தது. 1891இல் கோடாக் கம்பெனியின் புகைப்படப் பொருள் ஆலை வந்தது. 1897இல்தான் நிலையத்தின் பெயரிலேயே வீல்ட்ஸ்டோன் சேர்ந்தது. இப்படிப் புதிதாக முளைத்த புறநகர்களில் சனம் கூட இடம் என்றால் தேவாலயம், இல்லாவிட்டால் பப். நோய்க்கும் சாவுச் செலவுக்கும் காசு சேர்த்த தொழிலாளர் சங்கங்கள் பப்களில்தான் கூடின. சந்தேக மரணம் என்றால் மரண விசாரணைகூட அங்கேதான் நடக்கும். 1902இல் ஒரு சட்டம் போட்டுத்தான் அந்த வழக்கத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. வெறும் குடிக்கடையாம்!

1964இல் அங்கே ஹை நம்பர்ஸ் என்ற பெயரில் வாசித்த பெடியன்கள்தான் பிறகு 'த ஹூ' என்ற புகழ்பெற்ற ராக் இசைக்குழு. பதிந்த கூரைக்குக் கீழே குழுவின் கிட்டார்காரர் பீட் டவுன்செண்ட் கிட்டாரைத் தூக்க, அதன் தலை இடித்து முறிந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். அந்தக் கோபத்தில் மிச்சத்தையும் அடித்து நொறுக்கினார். பிறகு உலகமெங்கும் மேடைகளில் கிட்டார் உடைத்தவர்கள் எல்லாம் இந்த ஊர்க் கூரைக்குக் கடன்பட்டவர்கள். 2000இல் பப் தீப்பிடித்தது, பிறகு இடித்தார்கள். அந்த நிலத்தில் எழும்பிய குடியிருப்புகளுக்கு அந்தக் குழுவின் பாடகர், டிரம்மர் பெயர்களில் டால்ட்ரி ஹவுஸ், மூன் ஹவுஸ் என்று பெயர். இதையெல்லாம் தேடிப் படித்து எழுதியவள் என் பெறாமகள். அதைத்தான் கழற்றினீர்கள்.

"குடியால் எத்தனை குடும்பம் அழிந்தது தெரியுமா?" எனக்கா சொல்கிறீர்கள்? என் பெரியம்மாவின் தாலிக்கொடி அடகுக்குப் போய்ப் போய் வந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். பெரியப்பாவைத் தேடித் தவறணை வாசலில் நின்ற பிள்ளைகளில் நானும் ஒருவன். இன்றுவரை ஒரு சொட்டும் தொட்டதில்லை. ஆனால் பலகையைக் கழற்றியவர்கள் வீட்டு அறுபதாவது பிறந்தநாளுக்கு ஓபன் பார் இருந்தது. அதுவும் பிள்ளைகள் ஓடி விளையாடிய அதே மண்டபத்தில். அப்போது கலாசாரம் கார் பார்க்கில் நின்றதாக்கும்.

ஒருவர் மட்டும் நியாயமாகக் கேட்டார்: சின்னப் பிள்ளைகள் வாசிக்கிற இடத்தில் கொஞ்சம் கவனம் வேண்டாமா என்று. வேண்டும்தான். அவளிடம் சொல்லியிருந்தால் இரண்டு வரியை மாற்றியிருப்பாள். யாரும் சொல்லவில்லையே!

அப்புறம், "வெள்ளைக்காரனின் வரலாறு எங்களுக்கு எதற்கு?" நோர்த்விக் பார்க் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை வேறு எந்த ஊரின் வரலாற்றை எழுதுவாள்? இதே நிலையத்தில் 1952இல் மூன்று ரயில்கள் மோதி 112 பேர் செத்தார்கள். தினமும் அதே மேடையில் நின்றுதான் வேலைக்குப் போகிறோம். அதுவும் வெள்ளைக்காரனின் வரலாறுதானா?

ஒவ்வொரு ஜூன் மாதமும் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நினைத்து உருகுகிற நாங்கள், பக்கத்துத் தெருவில் எரிந்த ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேசினால் முகம் சுளிக்கிறோம். உடனே "நூலகத்தையும் பப்பையும் ஒப்பிடுகிறாயா?" என்று வருவீர்கள். ஒப்பிடவில்லை. அது திட்டமிட்டு எரித்தது. எரிந்தவை ஓலைச்சுவடிகள். எனக்கும் தெரியும். ஒரு ஊரின் ஞாபகம் அழிந்தால் என்ன வலி என்று தெரிந்த சனம் நாங்கள், ஒரு பிள்ளை இன்னொரு ஊரின் ஞாபகத்தைப் பொறுக்கிச் சேர்த்தால் அதைக் கழற்றுகிறோமே என்றுதான் கேட்கிறேன். அவ்வளவுதான்.

இனித் தமிழ்ப் பள்ளிக்கு வரமாட்டேன் என்கிறாள். நான் கட்டாயப்படுத்தப் போவதில்லை. கழற்றியவர்கள் இந்தப் பதிவுக்குக் கீழே வந்து விளக்கம் எழுத வேண்டாம். அவளிடம் போய்ச் சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லலாம். அன்றைக்கு நீங்கள் அவளுக்குப் பின்னால் நின்று பேசியது முழுக்க அவளுக்கு விளங்கியது.