தானத் தாய்ப்பால்: அந்த வாட்ஸ்அப் செய்தி தவறு

"வேறொரு பெண்ணின் பாலைக் குடித்தால் அவளுடைய குணமும் நோயும் குழந்தைக்கு வந்துவிடும், பெற்றவளிடம் ஒட்டாது" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இது உண்மையில்லை.

குணம் பாலில் வருவதில்லை. பால் குழந்தையின் மரபணுவை மாற்றாது. அப்புறம் நோய். தாய்ப்பாலைத் தானமாக வாங்கிச் சேமித்துக் கொடுக்கும் பால் வங்கியில் தானம் தருபவருக்கு எச்ஐவி, மஞ்சள் காமாலை வைரஸ் போன்றவற்றுக்கு முதலில் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். வாங்கிய பாலை வழக்கமாக 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கிக் குளிரவைத்து, கிருமி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இந்தச் சோதனை எதுவும் இல்லாமல் நேரடியாக வாங்கிக் கொடுப்பது வேறு விஷயம், அதில் ஆபத்து உண்டு.

கர்ப்பத்தின் 32 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 1.5 கிலோவுக்கும் குறைவான குழந்தைக்குத் தாயின் பால் கிடைக்காதபோது தானப்பாலைப் பரிசீலிக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2022-இல் வந்த அதன் பரிந்துரை இணையதளத்திலேயே இருக்கிறது. பவுடர் பாலைவிடத் தானப்பால் குடிக்கும் இந்தக் குழந்தைகளுக்குக் கடுமையான குடல் அழற்சி வருவது குறைவு.

அப்படிப்பட்ட குழந்தைக்கு மெல்லிய குழாய் வழியாக ஓரிரு மில்லி தானப்பால் இறங்கும்போது பக்கத்தில் நிற்பவள் பெற்ற தாய்தான். தனக்குப் பால் சுரக்க அவளும் பிழிந்துகொண்டே இருக்கிறாள். நெஞ்சோடு அணைத்தால் குழந்தை அவளிடம்தான் அடங்குகிறது. அவளைப் போய் "நீ தாயா?" என்று கேட்கிறது இந்தச் செய்தி.

தயவுசெய்து அந்த வாட்ஸ்அப் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போடுங்கள்.