ஓடோவின் வாளி

அறிவியல் புனைவுத் தொடர்களில் உருமாறிகளைப் பார்க்கும்போதெல்லாம், முகமும் தோலும் எப்படி மாறுகின்றன என்றுதான் பலரும் வியக்கிறார்கள். உண்மையில் அதுதான் இருப்பதிலேயே சுலபமான பகுதி. ஆக்டோபஸின் தோலில் உள்ள ஒவ்வொரு நிறப்பையையும் நரம்பு வழியே இயங்கும் தசைகள் இழுத்து விரிப்பதால், அது ஒரு நொடிக்குள் நிறம் மாறி, தோலைப் பாறைபோலச் சொரசொரப்பாக்கிக்கொண்டும் விடுகிறது. ஆனால் எத்தனை வேஷம் போட்டாலும் அதன் எடை ஒரு கிராம்கூடக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' (1993–1999) தொடரில் ரெனே ஓபெர்ஜொன்வா நடித்த ஓடோ, ஒரு விண்நிலையத்தில் வாழும், இயல்பில் திரவமான உருமாறி. அவர் இடறுவது இந்த எடையில்தான். ஆளாக நிற்கும் அவர் எலியாகிறார், தட்டில் வைத்துத் தூக்கிச் செல்லும் கோப்பையாகவும் ஆகிறார். 70 கிலோ உடலைக் கால் லிட்டர் இடத்துக்குள் அடக்கினால், அதன் அடர்த்தி, மிக அடர்ந்த உலோகமான ஆஸ்மியத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு இருக்கும். தட்டைத் தூக்குபவரின் மணிக்கட்டு என்னாவது? மிச்ச நிறையை ஆற்றலாக மாற்றிக்கொள்கிறார் என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. ஐன்ஸ்டைனின் சமன்பாட்டின்படி 70 கிலோ என்பது ஏறத்தாழ 1,500 மெகாடன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம். மனிதர் வெடித்ததிலேயே மிகப் பெரிய குண்டு சுமார் 50 மெகாடன்தான். விண்நிலையத்தில் ஒரு திருகாணிகூட மிஞ்சாது.

எடையை விட என்னை அதிகம் குடைவது நினைவுதான். திரவமாகக் கிடக்கும்போது 'ஓடோ' என்பவர் எங்கே இருக்கிறார்? இதைக் கற்பனை என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. புகையிலைக் கொம்புப்புழுவுக்கு ஒரு வாசனையைக் காட்டி மின்னதிர்ச்சி கொடுத்துப் பழக்கினால், கூட்டுக்குள் அதன் உடல் பெரும்பாலும் சிதைந்து புதிதாகக் கட்டப்பட்ட பிறகும், வெளிவரும் அந்துப்பூச்சி அதே வாசனையைக் கண்டு ஒதுங்குவதை 2008-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். புழுப்பருவத்தின் கடைசிக் கட்டத்தில் கற்றது மட்டுமே இப்படித் தங்கியது. எனவே எல்லாம் கரைந்துவிடுவதில்லை, மூளையில் ஏதோ ஓர் இழை தப்பிக்கிறது. ஓடோவின் திரவத்திலும் அப்படி ஓர் இழை வேண்டும்.

2023-இல் காலியம் என்ற எளிதில் உருகும் உலோகத்தில் காந்தத் துகள்களைக் கலந்து செய்த ஒரு குட்டி உருவம், மாறும் காந்தப்புலத்தால் சூடேறி உருகிக் கூண்டுக் கம்பிகளுக்கு வெளியே வந்த காணொளியை நண்பர்கள் பலர் பகிர்ந்திருந்தார்கள். வெளியே வந்த குழம்பை ஓர் அச்சில் ஊற்றித்தான் மறுபடி உருவமாக்கினார்கள் என்பதைப் பகிர்ந்தவர்கள் யாரும் சொல்லவில்லை. அந்த உலோகத்துக்குத் தன் பழைய வடிவம் தெரியாது, தெரிந்தது அச்சுக்குத்தான்.

இத்தனைக்குப் பிறகும் நான் ஓடோவை நம்புவதற்குக் காரணம், அவருக்கு விதிக்கப்பட்ட குறைகள். மனித முகம் அவருக்குக் கடைசிவரை சரியாக வராமல், மழுமழுவென்று பாதி வேலையில் நின்றதுபோலவே இருக்கும். 16 மணி நேரத்துக்கு ஒருமுறை திரவமாகி ஒரு வாளிக்குள் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். வடிவத்தைத் தாங்கிப் பிடிக்க ஆற்றல் செலவாகும் என்பதை எந்த வசனமும் இல்லாமல் அந்த வாளி சொல்லிவிடுகிறது. முதல் பருவத்தில், லக்ஸானா ட்ராய் என்ற பெண்மணியோடு அவர் பழுதான லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார். கெடு நெருங்க நெருங்க முகம் உருகி வழிகிறது. இந்த நிலையில் தன்னை யாரும் பார்த்ததில்லை என்று கூசுகிறார். லக்ஸானா தன் பொய்முடியைக் கழற்றி, தன்னையும் இப்படி யாரும் பார்த்ததில்லை என்று காட்டிவிட்டு, தன் உடையின் மடிப்பை வாளிபோல ஏந்துகிறார்.