கரி அள்ள ஆளில்லை, பெயர் மட்டும் ஸ்டீம்பங்க்

ஸ்டீம்பங்க், அதாவது நீராவி யுகத்தை வைத்துப் புனைகிற கதை வகை, அதில் இன்னொரு நாவல் வாங்கினேன். மறுபடியும் காட்டேரி. பதினோராவது அத்தியாயம், வான்கப்பல் புயலுக்குள் நுழைகிறது, கயிறுகள் அறுகின்றன. அந்த நேரம் பார்த்துக் கப்பலின் தலைமைப் பொறியாளர் கழுத்துப்பட்டையை அவிழ்த்துவிட்டு நாயகியிடம், "நான் முந்நூறு வருஷமாக உயிரோடு இருக்கிறேன்" என்கிறார். இருங்கள் ஐயா, நன்றாக இருங்கள். கீழே கொதிகலனை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

யாரும் இல்லை. முதல் பக்கத்திலிருந்தே யாரும் இல்லை.

அட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், உங்களிடமும் இதே அட்டை வேறு தலைப்போடு இருக்கும். பனிமூட்டத்தில் லண்டன். முன்னால் கார்செட் போட்ட பெண். தலையில் உயரத் தொப்பி, தொப்பிமேல் காகிள்ஸ். கண்ணில் இல்லை. இந்த வகைக் கதைகளில் காகிள்ஸ் கண்ணுக்கானதே அல்ல, தொப்பிக்குத் தூசி படாமல் பார்த்துக்கொள்வதற்கு. மூலையில் மூன்று பித்தளைப் பற்சக்கரங்கள், மூன்றும் ஒன்றோடொன்று பல் கோத்து நிற்கின்றன. முதலாவது வலப்பக்கம் சுற்றினால் இரண்டாவது இடப்பக்கம் சுற்ற வேண்டும். இரண்டையும் தொட்டுக்கொண்டிருக்கும் மூன்றாவது எந்தப் பக்கம் சுற்றும்? சுற்றாது. மொத்தமும் இறுகி நின்றுவிடும். அட்டையிலேயே இயந்திரம் ஓடவில்லை, உள்ளே மட்டும் எப்படி ஓடும்?

ஆனாலும் முதல் அத்தியாயத்துக்கு வாருங்கள். அதைச் சொல்லாமல் என்னால் தூங்க முடியாது. நாயகியைப் போலீஸ் துரத்துகிறது. கூரைமேல் கட்டிப் போட்டிருக்கும் வான்கப்பலுக்குள் பாய்கிறாள். கேப்டன் ஒரு நெம்புகோலை இழுக்கிறார். கப்பல் கிளம்பிவிட்டது. அவ்வளவுதான்! ஒரு நெம்புகோல்!

குளிர்ந்து கிடக்கும் கொதிகலனில் தீ மூட்டி, தண்ணீர் சூடேறி, ஓட்டுகிற அளவுக்கு அழுத்தம் வர மணிக்கணக்காகும். ரயில் எஞ்சின்களுக்கு இதற்கென்றே தனி ஆட்கள் இருந்தார்கள், வண்டி கிளம்புவதற்குப் பல மணி நேரம் முன்பே வந்து தீ மூட்டுவார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள். போலீஸ் கீழே கதவை உடைக்கிறது. மேலே ஒருத்தி கரியை அள்ளி அள்ளிப் போடுகிறாள். அழுத்தமானியின் முள் அசைய மாட்டேன் என்கிறது. படிக்கட்டில் பூட்ஸ் சத்தம். முள் லேசாக ஆடுகிறது. இதைவிடப் பதற்றமான முதல் அத்தியாயம் யாருக்கு வேண்டும்? சும்மா கிடைக்கிற காட்சி ஐயா இது, இயற்பியலே எழுதிக் கொடுத்துவிட்டது! அதை விட்டுவிட்டு நெம்புகோலை இழுக்கிறார்கள்.

சரி, கிளம்பியாயிற்று. அட்லாண்டிக்கைக் கடக்கிறார்கள். கரி எங்கே வைத்திருக்கிறார்கள்? தெரியாது. தண்ணீர்? கேட்கக் கூடாது. நாயகி இரண்டு முறை குளிக்கிறாள், அதற்குத் தண்ணீர் இருக்கிறது. சுவர் ஓரக் குழாய்களிலிருந்து அவ்வப்போது 'புஸ்' என்று நீராவி வேறு வெளியேறுகிறது, குறிப்பாக யாராவது முத்தமிடும்போது. அழுத்தம் அத்தனையும் வீணாகக் கசிகிறதே என்று கப்பலில் ஒருவருக்காவது வயிறு எரிய வேண்டாமா? ஒரு இடத்தில் கேப்டன் வாயுப்பைக்கு நேர் கீழே நின்று சுருட்டுப் பற்றவைக்கிறார். மிடுக்காக.

1852-ல் ஹென்றி ஜிஃபார்ட் நிஜமாகவே நீராவி எஞ்சின் பூட்டிய வான்கப்பலில் பாரிஸிலிருந்து பறந்தார். எஞ்சினுக்கு 3 குதிரைத்திறன். சுமார் 27 கிலோமீட்டர் போனார். காற்றை எதிர்த்துத் திரும்பி வர அந்த எஞ்சினுக்கு வலுவில்லை. மேலே எரியக்கூடிய வாயு, கீழே நெருப்பு, அதனால் பொறி மேலே பறக்காமல் இருக்கப் புகைபோக்கியைக் கீழ்நோக்கித் திருப்பி வைத்திருந்தார். தலைகீழான புகைபோக்கி! அந்த ஒரு விவரத்தில் இருக்கிற பயமும் துணிச்சலும் நான் வாங்கிய இந்த நானூற்றுச் சொச்சம் பக்கத்தில் எங்கும் இல்லை.

ஆறாவது அத்தியாயத்தில் விடை கிடைத்தது. கப்பல் கரியிலேயே ஓடவில்லையாம். ஈதர் படிகத்தில் ஓடுகிறதாம். நீல நிறத்தில் ஒளிரும் கல். நாயகியின் அப்பா சாகும்போது கொடுத்தது. அப்படியானால் அந்த நான்கு புகைபோக்கிகள் எதற்கு? எதிலிருந்து புகை வருகிறது? கல்லிலிருந்தா? புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. கொதிகலன் வெடிக்கும் என்கிற பயம் யாருக்காவது இருக்க வேண்டும். 1865-ல் மிசிசிப்பி ஆற்றில் சுல்தானா என்ற நீராவிக் கப்பலின் கொதிகலன்கள் வெடித்ததில் ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் செத்தார்கள். ஜேம்ஸ் வாட் உயர் அழுத்த நீராவியை ஆபத்து என்று கடைசிவரை ஒதுக்கியே வைத்தார். அவருடைய காப்புரிமை 1800 வரை நீடித்தது. அது முடிந்த நான்கே வருஷத்தில், 1804-லேயே, டிரெவிதிக் என்ற பொறியாளர் உயர் அழுத்த எஞ்சினைத் தண்டவாளத்தில் ஓடவிட்டு 10 டன் இரும்பை இழுத்துக் காட்டினார். அந்தக் காப்புரிமை இருபது வருஷம் முன்னால் காலாவதியாகியிருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும்? இதோ, ஒரு நாவலுக்கான விதை. இலவசம். எடுத்துக்கொள்ளுங்கள். காட்டேரி மட்டும் வேண்டாம்.

"நல்ல ஸ்டீம்பங்க் ஏதாவது சொல்லுங்கள்" என்று யாரிடமாவது கேட்டுத் தொலைத்தால் அது இன்னொரு கொடுமை. கேள்வி முடிவதற்குள் கிப்சனும் ஸ்டெர்லிங்கும் 1990-ல் எழுதிய 'தி டிஃபரன்ஸ் எஞ்சின்' வந்து விழும். படித்தாயிற்று. பிடித்தும் இருந்தது, ஏனென்றால் அதில் ஒரு நிஜமான கேள்வி இருக்கிறது. பிரிட்டிஷ் அரசாங்கம் 17,000 பவுண்டுக்கு மேல் கொட்டிவிட்டு 1842-ல் கைகழுவிய, கணித மேதை சார்லஸ் பாபேஜின் கணக்கிடும் இயந்திரம் வெற்றி பெற்றிருந்தால் என்ன ஆகும் என்கிற கேள்வி. வேடிக்கை என்னவென்றால், நாவல் வந்த மறுவருஷமே லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் பாபேஜின் வரைபடத்தை வைத்து அவருடைய இரண்டாவது வடிவமைப்பைக் கட்டி முடித்தார்கள், அது சரியாகக் கணக்கும் போட்டது. சரி, அடுத்து? அடுத்து எதைப் படிக்க? முகத்தைப் பார்ப்பார்கள். அப்புறம், "ஜூல்ஸ் வெர்ன்" என்பார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் வெர்ன் எனக்கும் பிடிக்கும். ஆனால் நீராவி அவருக்கு நிகழ்காலம், நாம் ரயிலைப் பற்றி எழுதுகிற மாதிரி அவர் எழுதினார். அதிலும் இவர்கள் நீட்டுவது எப்போதும் நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் வருகிற கதையைத்தான். அந்தக் கப்பல் ஓடுவது மின்சாரத்தில்! அதன் கேப்டன் நேமோவே நீராவியைக் கைவிட்டுவிட்டார், நீங்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இத்தனைக்கும் 1880-ல் அதே வெர்ன் ஒரு நீராவி யானையை எழுதியிருக்கிறார், பெரிய இரும்பு யானை, வீட்டையே இழுத்துக்கொண்டு இந்தியா நெடுகப் போகும். அதை யாராவது சொல்வார்களா? மாட்டார்கள். (அதில் சொகுசாகப் போகிறவர் ஓர் ஆங்கிலேய கர்னல், அவர் பழிதீர்க்கத் தேடுவது 1857 கிளர்ச்சித் தலைவர் நானா சாகிப்பை. அது வேறு வகை எரிச்சல், இப்போது வேண்டாம்.)

வேண்டாம் என்று சொன்னாலும் வாய் சும்மா இருக்கிறதா? இந்தக் கதைகளில் தேநீர் குடித்துக்கொண்டே இருக்கிறார்கள். தேயிலை எங்கிருந்து வருகிறது? பட்டு, பருத்தி, ரப்பர், தந்தம், எல்லாம் தானாக லண்டனில் முளைக்கின்றன. 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிப் பருத்தி வரவு நின்றதும் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் மூடிக் கிடந்தன, தொழிலாளர்கள் பட்டினி கிடந்தார்கள். கரியும் பருத்தியும் ஆள்பலமும் சேர்ந்துதான் அந்த யுகமே. நம் ஆசிரியருக்கு அந்த யுகத்தில் கண்ணில் பட்டது கடிகாரச் சங்கிலி மட்டும்.

நல்லவை இல்லாமல் இல்லை. இருக்கின்றன என்று தெரிவதுதான் கடுப்பு. அவற்றின் அட்டையில் பற்சக்கரம் இருக்காது, விளம்பரத்தில் இந்த வகையின் பெயரே இருக்காது, தற்செயலாகக் கையில் கிடைத்தால் உண்டு. ஸ்டீம்பங்க் என்று கொட்டை எழுத்தில் போட்டு வருவதெல்லாம் காட்டேரி, ஓநாய்மனிதன், தவறினால் இளவரசனை மணக்க மறுக்கும் இளவரசி. அவளும் மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு ஸ்பேனரைக் கையில் எடுப்பாள். கீழே வைக்கும்போது கையில் ஒரு பொட்டு எண்ணெய்க் கறை இருக்காது.

பாதியில் விட்டிருக்கலாம்தான். ஆனால் அந்தப் பொறியாளருக்கு முந்நூறு வயது என்றால், நியூகோமன் 1712-ல் நீராவி எஞ்சினைக் கட்டுவதற்கு முன்பே பிறந்தவர் ஆகிறார். அவ்வளவு நாள் இருந்தவர் ஒரு வரியாவது அதைப் பற்றிப் பேசுவார் என்று நம்பிக் கடைசிவரை போனேன். பேசினார். "அந்தக் காலத்தில் பெண்களின் கண்கள் வேறு மாதிரி இருந்தன" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடுராத்திரியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அதெல்லாம்கூடப் போகட்டும். இந்த மின்னூல் செயலி இருக்கிறதே, அது எதற்குக் கீழ் ஓரத்தில் "இந்தப் புத்தகத்தை முடிக்க இன்னும் 40 நிமிடம்" என்று காட்டிக்கொண்டே இருக்கிறது? யார் கேட்டார்கள்? எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் அது 55 ஆகியிருக்கிறது. என் வாசிப்பு வேகத்தைப் பற்றி இதற்கு என்ன அபிப்பிராயம் வேண்டிக்கிடக்கிறது? அந்த நாற்பது நிமிடத்தில் பாதி அடுத்த பாகத்தின் மாதிரி அத்தியாயங்கள் என்பதை மட்டும் வாய் திறந்து சொல்லாது. அதை நிறுத்தும் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அமைப்புகளில் இல்லை. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.