"சளிக்கு ஒரு செட் குடுங்க" என்று கேட்காதீர்கள்

மழைக்காலம் வந்துவிட்டால் எந்த ஊர் மெடிக்கலிலும் சாயங்காலம் கேட்கும் குரல் இதுதான்: "அண்ணே, சளி, காய்ச்சல், உடம்பு வலி. மூணு வேளைக்கு ஒரு செட் குடுங்க." கடைக்காரர் மூன்று நான்கு அட்டைகளை இழுத்து, வேளைக்கு ஒன்றாகக் கத்தரித்து, சின்னக் காகிதக் கவரில் போட்டு, "சாப்பிட்ட பிறகு போடுங்க" என்று நீட்டுவார். மாத்திரையின் பெயர் பாதி வெட்டுப்பட்டிருக்கும். காலாவதி தேதி அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும், அந்த ஓரம் கடையிலேயே தங்கிவிடும். உள்ளே என்ன மருந்து, எத்தனை மி.கி. என்பது விழுங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. இந்த வழக்கத்தை நாம் விட்டாக வேண்டும். பதிவு நீளம்தான். வீட்டில் கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் முழுசாகப் படித்துவிடுங்கள்.

சாதாரணச் சளி வைரஸால் வருகிறது. அதைக் குணமாக்கும் மாத்திரை எதுவும் மெடிக்கலில் இல்லை. ஒரு வாரம், பத்து நாளில் உடம்பே சரிசெய்துகொள்ளும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும், அதுவும் இயல்புதான். நாம் வாங்கும் மாத்திரைகள் காய்ச்சலையும் வலியையும் மூக்கொழுகலையும் கொஞ்சம் அடக்கி வைக்கின்றன, அவ்வளவே. அதனால் இப்போது எது அதிகமாகப் படுத்துகிறதோ அதற்கு மட்டும், ஒற்றை மருந்தாக வாங்குவதே சரி. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மாத்திரை என்பது வசதியாகத் தோன்றும். தொந்தரவு தொடங்குவதே அங்கேதான்.

"சளி மாத்திரை" என்று விற்கும் கூட்டு மாத்திரைகள் பெரும்பாலானவற்றில் மூன்று மருந்துகள் இருக்கும்: பாராசிட்டமால், பினைலெஃப்ரின், குளோர்பெனிரமின். சிலவற்றில் காஃபீனும் சேரும். சளிக்கென்று வாங்கும் மாத்திரைக்குள் காய்ச்சல் மருந்து ஒளிந்திருப்பது பலருக்குத் தெரியாது. ஒரு நாள் கணக்கைப் பாருங்கள். காய்ச்சலுக்கு 650 மி.கி. பாராசிட்டமால் மூன்று வேளை: 1950 மி.கி. சளிக்குக் கூட்டு மாத்திரை மூன்று வேளை, ஒவ்வொன்றிலும் 500: மேலும் 1500. உடம்பு வலிக்கு அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை இரண்டு வேளை, ஒவ்வொன்றிலும் 325: இன்னொரு 650. மொத்தம் 4100 மி.கி. ஆரோக்கியமான பெரியவருக்கே 24 மணி நேரத்துக்கு உச்ச வரம்பு 4000 மி.கி.தான். மூன்று நோய்க்கு மூன்று மருந்து சாப்பிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருப்பார். ஒரே மருந்தை எட்டுத் தடவை விழுங்கியிருக்கிறார். நடுராத்திரி மறுபடி காய்ச்சல் அடித்து இன்னொரு 650 போட்டால் 4750.

ஏன் இந்த வரம்பு? பாராசிட்டமாலில் பெரும்பகுதி கல்லீரலில் தீங்கில்லாமல் மாறி சிறுநீரில் போய்விடும். ஒரு சிறு பகுதி மட்டும் நச்சுப்பொருளாக மாறும். அதைக் குளூட்டதயோன் என்ற பொருள் பிடித்துச் செயலிழக்க வைக்கிறது. அளவு மீறினால் அந்தக் கையிருப்பு தீர்ந்து, நச்சு நேரே கல்லீரல் செல்களைத் தாக்கும். நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர், மெலிந்தவர், தினமும் குடிப்பவர், ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவர் ஆகியோருக்குக் கையிருப்பே குறைவு. அவர்கள் 2000 மி.கி.யைத் தாண்டாமல் இருப்பது நல்லது, அதுவும் மருத்துவரைக் கேட்டு. காய்ச்சல்காரர் யார்தான் நன்றாகச் சாப்பிடுகிறார்? அதனால் எல்லாருக்கும் நான் சொல்வது: வேளைக்கு 500, ஆறு மணி நேர இடைவெளி, தேவைப்பட்டால் மட்டும். பெரும்பாலோருக்கு இது போதும்.

அடுத்து பினைலெஃப்ரின். மூக்கடைப்பைத் திறக்கும் என்று சேர்க்கிறார்கள். வாய்வழி சாப்பிடும்போது குடலும் கல்லீரலும் அதைச் சிதைத்துவிடுவதால் மூக்கு வரை போய்ச் சேருவது மிகச் சொற்பம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் இது மாத்திரையாகப் பயன் தரவில்லை என்று ஒருமனதாகச் சொன்னது. 2024 நவம்பரில் எஃப்.டி.ஏ.வே அதைக் கடைச் சரக்கிலிருந்து எடுக்க முன்மொழிந்தது. இங்கே இன்னும் அட்டை அட்டையாக விற்கிறது. பலன் இல்லாத ஒன்றை, பி.பி.யும் இதய நோயும் உள்ளவர்கள் அபாயத்தோடு எதற்கு விழுங்க வேண்டும்?

குளோர்பெனிரமின் ஒழுகும் மூக்கைக் கொஞ்சம் உலர்த்தும். தூக்கமும் வரும். போட்டுக்கொண்டு பைக் ஓட்டாதீர்கள், மெஷினில் வேலை செய்யாதீர்கள், குடிக்கவே குடிக்காதீர்கள். புராஸ்டேட் வீங்கிய தாத்தாவுக்குக் கொடுத்தால் சிறுநீர் முழுவதும் அடைத்து, ராத்திரியோடு ராத்திரியாகக் குழாய் போட ஓட வேண்டி வரலாம். கிளாக்கோமா என்ற கண் நோயில் ஒரு வகை உள்ளவர்களுக்குக் கண் அழுத்தம் சட்டென்று ஏறலாம். எழுபது வயதுக்காரர் சளி மாத்திரை போட்ட மறுநாள் ஆளை மாற்றி மாற்றிப் பேசினாலோ தடுமாறி விழுந்தாலோ, "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாமல் முதலில் அந்தக் கவரில் என்ன இருந்தது என்று பாருங்கள்.

இருமல் சிரப்பில் வரும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் பற்றி ஒரு வார்த்தை. மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் மாதிரி மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைக் குடிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் வரலாம்.

இனி குழந்தைகள். இதில்தான் நம் கவனம் அதிகம் வேண்டும். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைக்கால் மருந்துத் தரத்தில் இல்லாமல், சோதிக்காமல் வாங்கப்பட்டால் இந்த விஷம் கூடவே வந்துவிடலாம். இது இனிக்கும், நிறமில்லை, வீட்டில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. குற்றம் தயாரித்தவர்களுடையது, சோதிக்கத் தவறியவர்களுடையது. கொடுத்த பெற்றோர் மேல் ஒரு துளியும் இல்லை. ஆனால் நம் கையில் இருக்கும் ஒரே காப்பு, தேவையில்லாத சிரப்பைக் கொடுக்காமலிருப்பது. சின்னக் குழந்தையின் சளிக்கு இந்தக் கூட்டு சிரப் எப்போதுமே தேவையில்லாததுதான். இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்து எழுதவோ கொடுக்கவோ கூடாது, ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் அந்த அக்டோபரிலேயே அறிவுறுத்தியது. குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே உத்தரவு வந்திருக்கிறது.

குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் மட்டும். வயதை வைத்துக் கொடுக்காதீர்கள், எடையை வைத்துக் கொடுங்கள்: கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். பத்துக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. இங்கே ஒரு பெரிய குழி இருக்கிறது. ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே மாதிரிப் பெட்டியில், 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ள சிரப்பும் வரும், 250 உள்ளதும் வரும், 1 மி.லி.யிலேயே 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தும் வரும். அந்த 150 மி.கி.க்கு முதலாவதில் 6 மி.லி., இரண்டாவதில் 3 மி.லி., சொட்டு மருந்தில் வெறும் 1.5 மி.லி. போன மாதம் "ஆறு மி.லி." என்று மனப்பாடம் ஆனதை இந்த மாதம் சொட்டு மருந்தில் கொடுத்தால் 600 மி.கி., நான்கு மடங்கு. பாட்டில் மாறும் ஒவ்வொரு தடவையும் லேபிளைப் படித்துக் கணக்குப் போடுங்கள். காப்பி ஸ்பூன், பாலாடை, சங்கு எதிலும் அளக்காதீர்கள். ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்று வாங்கி வைத்தால் போதும். அப்பா கொடுத்தது தெரியாமல் பாட்டி மறுபடி கொடுப்பதும் நடக்கும், எனவே கொடுத்த நேரத்தை காலண்டர் ஓரத்தில் எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி தொட்டாலே மருந்தைத் தேடாதீர்கள், நேரே மருத்துவரிடம் போங்கள்.

குழந்தையின் மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும், பால் குடிக்கும் முன் இரண்டு சொட்டு. ஒரு வயது தாண்டியிருந்தால் இருமலுக்கு ராத்திரி அரை ஸ்பூன் தேன். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில்கூடத் தொட்டு வைக்கக் கூடாது, பாட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சு நோய் வரலாம். தேங்காயெண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது நம் வீடுகளில் பாசத்தோடு செய்வது, ஆனால் விட்டுவிட வேண்டியது. கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், குழந்தைக்கு வலிப்பே வரலாம். மூக்குத் துவாரத்தில் தைலம் தடவவே கூடாது. ஆவி பிடிக்கும் கேப்ஸ்யூலை வெந்நீரில் உடைத்துப் போடுவதற்குப் பதில் மாத்திரை என்று விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அதிலும் கற்பூரம்தான். கொதிக்கும் பாத்திரத்தைக் குழந்தை பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். சளியைவிட வெந்த காயம் மோசம்.

பெரியவர்களுக்கான மூக்குச் சொட்டு, அதாவது சைலோமெட்டாசோலினும் ஆக்சிமெட்டாசோலினும், உடனே வேலை செய்யும். அதுவே சிக்கல். மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்தால் மருந்தின் வேகம் தீர்ந்ததும் மூக்கு முன்பைவிட அதிகமாக அடைக்கும், மறுபடி சொட்டு, மறுபடி அடைப்பு. மூன்று நாள், அதோடு நிறுத்துங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை இருக்கிறது. இங்கே மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் என்ற வலி மாத்திரைகளில் எதுவானாலும் டெங்குவில் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். காய்ச்சல் என்னவென்று தெரியும்வரை உடம்பு வலிக்குக்கூடப் பாராசிட்டமால்தான். "பவர்ஃபுல்லா ஒண்ணு குடுங்க" என்று கேட்டு இவற்றை வாங்கிவிடாதீர்கள். நிமிசுலைடு என்ற காய்ச்சல், வலி மருந்தை 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2011லேயே தடை செய்திருக்கிறார்கள்.

செட்டில் வேறு இரண்டும் வரக்கூடும். ஒன்று அசித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாட்டிக். வைரஸ் சளியை அது தொடாது, அடுத்த தடவை உண்மையில் தேவைப்படும்போது கிருமி அதற்குப் பழகியிருக்கும். இன்னொன்று சின்னதாக இருக்கும் ஸ்டீராய்டு மாத்திரை. "போட்ட உடனே கேட்குது" என்ற பெயர் சில கடைகளுக்கு இதனால்தான். சர்க்கரை நோயாளிக்கு அதுவே ரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். இரண்டுமே மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. அட்டையில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு ஓடினால் அது சீட்டு மருந்து என்று அர்த்தம்.

அப்படியானால் கடையில் எப்படிக் கேட்பது? "பாராசிட்டமால் 500, ஒரு அட்டை" என்று மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். விலை சொற்பம்தான். முழு அட்டையாக வாங்கினால் பெயர், அளவு, தேதி எல்லாம் கையில் இருக்கும். வெட்டித்தான் தருவேன் என்றால் தேதி உள்ள ஓரத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில் கேளுங்கள். பி.பி., சர்க்கரை, கர்ப்பம், பாலூட்டல் எதுவானாலும் கேட்காமலே முதலில் சொல்லிவிடுங்கள். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர், உப்புநீர் ஸ்ப்ரே, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கட்டும். தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பதும் சுக்கு மல்லிக் காப்பியும் இதமாக இருக்கும்.

மூன்று நாளைக்கு மேல் காய்ச்சல், மூச்சுத் திணறல், குழந்தைக்கு மூச்சு விடும்போது விலா உள்ளே இழுப்பது, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, விடாத வாந்தி, வயிற்று வலி, ஈறில் ரத்தம், அசாதாரணத் தூக்கம் இவற்றில் எது வந்தாலும் தாமதிக்காதீர்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாளில்தான் ஆபத்து கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பாராசிட்டமால் கணக்கு மீறிப் போய்விட்டது என்று தெரிந்தால், உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். முதல் நாள் குமட்டலைத் தவிர வேறு எதுவும் தெரியாமல் போகலாம்; கல்லீரல் கெடுவது இரண்டாம் மூன்றாம் நாளில் வெளியே தெரியும். என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற நச்சு முறிக்கும் மருந்து எட்டு மணி நேரத்துக்குள் கிடைத்தால் மிக நன்றாக வேலை செய்யும், தாமதமானாலும் கொடுப்பார்கள். 108ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். கிளம்பும்போது காலி அட்டைகள், வெட்டிய துண்டுகள், சிரப் பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு எத்தனை போட்டோம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.